தாலாட்டும் தடமாற்றமும்

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தனாகப் பணிபுரியும் யான் மெட்ரிகுலேஷன் வரையே கற்றவன், பொறியியல் அறியேன். எனினும் வெதுருகுப்பத்தில் எமது இல்லத்தில் நேர்ந்த ஒரு சங்கடம் பிற வீட்டாருக்கும் பயன்படக்கூடுமெனக் கருதி எழுதத் துணிந்தேன்.

காலஞ்சென்ற என் அன்னையார், 1994ஆம் ஆண்டில் என் தங்கையைத் தொட்டிலிலிட்டுப் பாடிய தாலாட்டு ஓர் ஒலிநாடாவில் இருந்தது. நாடா நைந்துபோகுமுன் அதனைக் கணினியில் ஃபிளாக் கோப்பாகப் பதிந்து வைத்தேன். ஃபிளாக் என்பது 2001இல் நிறைவடிவம் பெற்ற முறை; பதிந்த ஒலியில் எதனையும் இழக்காமல் கோப்பைச் சுருக்குவது. கணினியிலுள்ள பாட்டுகளை வைஃபை வழியே கூடத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்தேன். பள்ளியில் தெலுங்கே பயிலும் என் மகள், இரவிலேனும் பாட்டியின் தமிழைக் கேட்டு உறங்க வேண்டுமென்பது என் ஆவல்.

ஏனைய பாட்டுகள் யாவும் ஒலித்தன. தாலாட்டின் முறை வந்ததும் பெட்டி ஊமையாயிற்று. ரௌட்டரை அணைத்து மீண்டும் இயக்கினேன், பயனில்லை. “எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிப் பழைய கோப்புகளை அழித்துவிடுங்கள், இடமும் மிச்சமாகும்” என்றார் நண்பரொருவர். அவ்வாறே செய்ய முனைந்தேன். ஏனோ கை தயங்கிற்று.

பிறகே கோப்பின் விவரங்களை நோக்கினேன். வினாடிக்கு 96,000 மாதிரிகள் வீதம் தாலாட்டைப் பதிந்திருந்தேன். ஒலிபெருக்கியின் கையேடோ 48,000க்கு மேல் ஏலாதென்றது. குறுந்தகட்டிலிருந்து எடுத்த மற்றப் பாட்டுகள் 44,100 ஆதலின் தடையின்றிச் சென்றன.

உடனே காட்பாடி–பாகாலா–திருப்பதித் தடம் என் நினைவுக்கு வந்தது. முன்னாளில் அது 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதை. அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். இருவகைப் பாதைகளும் கூடிய நிலையங்களில் சரக்கை ஒரு வண்டியினின்று இறக்கி மற்றொன்றில் ஏற்றினர்; வண்டி சேரவில்லையென்று சரக்கைக் குறைத்தவர் எவருமிலர். எம்பி3யோ, செவிக்குப் புலப்படாவெனக் கணித்த ஒலிகளைக் களைந்துவிடும், களைந்தவை மீளா.

ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல், அனுப்பும்போது மட்டும் 48,000க்கு மாற்றும்படி எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு அமைத்தேன். அன்றிரவு அன்னையாரின் குரல் கூடத்தில் ஒலித்தது. பாடுபவர் யாரென்று மகள் தெலுங்கில் வினவினாள். “உன் பாட்டியம்மா” என்றேன். மேலே பேச நா எழவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டு முதியோரின் குரல் எதிலேனும் பதிவாகியிருப்பின், படியை எவ்வடிவிலும் மாற்றுங்கள். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.