கல்லுடைத்த மலையைச் சுற்றி

தஞ்சோங் பகாரில் இன்று குடியிருக்கும் பிள்ளைகளுக்கு நிலக்கரி என்பது பாடப்புத்தகத்தில் பார்த்த பொருள். அவர்கள் வீடுகளுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒருகாலத்தில் அது கிடங்கு கிடங்காகக் குவிந்து கிடந்தது. 1864இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி தொடங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் இந்தக் கரையில் வந்து மொய்த்தன. வேல்ஸ், வங்காளம், ஜப்பான், ஆஸ்திரேலியா என்று எங்கெங்கிருந்தோ வந்து இறங்கிய கரியைக் கூலிகள் கூடையில் சுமந்து கப்பலில் கொட்டினார்கள். 1932 மே மாதம் கெப்பல் ரோட்டில் ரயில் நிலையம் திறந்தது. அங்கிருந்து வடக்கே புறப்பட்ட இன்ஜின்களுக்கு சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கம் கரி கொடுத்தது. மலாயா ரயில்வேதான் அந்தச் சுரங்கத்தின் பெரிய வாடிக்கையாளர். 1937இல் அங்கே தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் ஆங்கிலேய அரசையே நடுங்க வைத்தது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

சிங்கப்பூர் மண்ணுக்கடியில் கரி கிடையாது, கருங்கல் உண்டு. தோண்டி எடுத்தபின் கைவிட்ட நிலம் எப்படிக் காடாகிறது என்பதைக் காலால் நடந்து பார்க்க வேண்டுமானால் இங்கே புக்கிட் தீமா மலைக்குத்தான் போக வேண்டும். அதைச் சுற்றி வரும் நடைக்குப் பக்கத்து பிளாக் அண்ணனை அழைத்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ரயில்வேயில் தண்டவாள கேங்கில் இருந்தவர். தெலுக் ஆயரில் ஏறினால் ரயில் மாறாமலே கிங் ஆல்பர்ட் பார்க். அங்கிருந்து சில நிமிட நடையில் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையம்.

செங்கல்லால் கட்டிய சின்னஞ்சிறு நிலையம் அது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். மறுநாளிலிருந்து தண்டவாளத்தின்மேல் பொதுமக்கள் நடக்கச் சில நாள் அனுமதி கிடைத்தது. பிறகு தண்டவாளங்களைப் பெயர்த்து மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நிலம், தீவின் நடுவே ஒரு நாடாவைப் போல மிஞ்சியது. நிலத்துக்குத் தங்கத்தின் விலை உள்ள ஊரில் அது துண்டு துண்டாகக் கட்டடமாகிப் போயிருக்கலாம். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010லேயே திட்டம் எழுதி, இதை அறுபடாத பசுமைத் தடமாக விட்டுவையுங்கள் என்று கேட்டது. எத்தனையோ பேர் அதற்குக் குரல் கொடுத்தார்கள். அரசும் செவிசாய்த்தது. அவர்களை நினைத்து நன்றி சொல்லாமல் என்னால் இந்தப் பாதையில் நடக்க முடிவதில்லை.

நிலையத்தில் அண்ணன் நெடுநேரம் நின்றார். ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிர் ரயில்கள் மோதாமலிருக்க இங்கே சாவி மாற்றுவார்கள். வளையத்தில் கோத்த பையில் அந்தச் சாவி இருக்கும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. ரயில் வேகம் குறைத்து ஊர்ந்து வரும்போது ஓட்டுநர் ஒரு வளையத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொண்டு போவார்.

"சின்னப் பிள்ளையில இதப் பாக்கவே அப்பாவோட வருவேன் தம்பி" என்றார். "அப்பாவுக்கு விடிகாலையில வேலை. தோள்ல சுத்தியல். நடந்துக்கிட்டே ஒவ்வொரு ஆப்பா அடிச்சு இறுக்குவாரு. சல்லி சரிஞ்சிருந்தா அள்ளிப் போட்டு இடிப்பாங்க."

"எவ்வளவு தூரம் அண்ணே?"

"அவங்க கேங்குக்கு விட்ட தூரம். மழையா இருந்தாலும் நடக்கணும். மழைன்னாதான் கட்டாயம் நடக்கணும்."

வடக்கே திரும்பி நடந்தோம். ரயில் ஓடிய தடமாதலால் மேடு பள்ளம் தெரியாது. இன்ஜின் இழுக்கும் அளவுக்கு மட்டுமே ஏற்றம் விட்டு, மலையடிவாரத்தை வெட்டிப் போட்ட வழி. இருபுறமும் கரை உயர்ந்து, மரங்கள் மேலே கைகோத்திருக்கின்றன. பாதையோரம் இன்னும் சல்லிக்கற்கள் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கைக்குள் அடங்கும் கருங்கல். ஒரு முகத்தில் இரும்புத் துரு இறங்கிய செம்பழுப்பு, மறுமுகத்தில் வெல்வெட் போலப் பாசி. உடைத்த விளிம்பு இன்னும் கூராக இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஓரங்களில் முதலில் குடியேறியவை சிம்போ ஆயர் புதர்கள். முறம் அளவு இலை, மஞ்சள் பூ. காய் வெடித்தால் இளஞ்சிவப்பு நட்சத்திரமாக விரிந்து உள்ளே சிவப்பு விதை காட்டும். பறவைகள் அதற்காகவே காத்திருக்கும். வெட்டுப்பட்ட, சத்தில்லாத மண்ணில் முதலில் துணிந்து வருவது இதுவும், மகாங் மரமும், ரெசாம் என்னும் பெரணியும்தான். அவை நிழல் போட்டு, இலை உதிர்த்து மண்ணைக் குளிர்விக்கும். அதன் பிறகுதான் மற்றவை வரும். அவற்றுக்கு மேலே குடை விரித்து நிற்பவை அல்பீசியா. மொலுக்கத் தீவுகளிலிருந்து வந்த இந்த மரம் மளமளவென்று வளரும், பெருமழையில் கிளை முறிந்து விழும். களைமரம் என்று இதைப் பலர் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரும் நடாத இடத்தில், யாரும் நீர் ஊற்றாமல், இத்தனை உயரம் நிழல் தந்த மரத்தை இழிவாகப் பேசக் கூடாது.

சாலையின் குறுக்கே போகும் இரும்புப் பாலத்தைக் கடந்தோம். 1932ஆம் ஆண்டுத் தடத்தின் மிச்சமான இரண்டு பெரிய சட்டகப் பாலங்களில் இது ஒன்று. இன்னொன்று நாங்கள் கிளம்பிய நிலையத்தருகே இருக்கிறது. பிறகு தடத்தை விட்டு டெய்ரி ஃபார்ம் பக்கம் திரும்பினோம். கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் ஒருகாலத்தில் மாடு வளர்த்துப் பால் கறந்த இடம். பழைய மாட்டுக் கொட்டில் இப்போது வாலஸ் கல்வி நிலையம். 1854இல் இந்த மலைப் பக்கம் தங்கிய ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ், ஏறத்தாழ ஒரு சதுர மைலுக்குள் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அப்போது காட்டில் புலிகள் திரிந்தன. புலிக்கு வெட்டிய குழிகளில் தானே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடுதான் அவர் வண்டு பிடித்திருக்கிறார். அவருக்கு வண்டு அவ்வளவு கிடைத்ததற்கு ஒரு காரணம், மரம் வெட்டும் வேலை மும்முரமாக நடந்து, விழுந்த மரங்கள் அழுகிக் கிடந்தது. காடு அழிந்துகொண்டிருந்த வேளையில்தான் அதன் செல்வம் எழுத்தில் பதிவானது.

இங்கே பாதையோரம் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், இன்னும் நிற்கின்றன. ஒன்றின் அடிப்பகுதியில் பழைய வெட்டுத்தழும்பு தெரிந்தது. சாய்வாக இறங்கிய கோடுகள் ஆறி, பட்டை முண்டு முண்டாகத் தடித்திருந்தது. அண்ணன் விரலால் அதன் மேல் தடவினார். பால்மரம் வெட்டத் தெரியாத தமிழ்க் குடும்பம் மலாயாவில் ஏது என்று அவர் சொல்லும்போது, பக்கத்திலேயே காய்ந்த காய் ஒன்று டப்பென்று வெடித்து விதை சிதறியது. மரத்தை நட்டவர்களும் வெட்டியவர்களும் போய்விட்டார்கள். விதைகள் தாமாக முளைத்துக் கன்றுகள் காலடியில் நெருக்கியடித்து நிற்கின்றன.

இங்கிருந்து சற்று நடந்தால் சிங்கப்பூர் குவாரி. மரங்கள் விலகி, திடீரென்று செங்குத்தான பாறைச்சுவர் எழுகிறது, அடியில் பச்சை நீர். இந்தக் கருங்கல்லின் வயது 20 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதை உடைத்துச் சாலையும் கட்டடமும் ஆக்கியதெல்லாம் ஒரு நூற்றாண்டுக் கணக்குக்குள் முடிந்துவிட்டது. வெடிவைத்த துளைகள் போக மிச்சமான பாறை விளிம்புகளில் அத்திச் செடிகள் வேர் பாய்ச்சியிருக்கின்றன. மண்ணே இல்லாத இடுக்கில், பறவை எச்சத்தில் வந்த ஒரு விதை. குழியில் தேங்கிய நீரைச் சதுப்புச் செடிகள் நட்டுப் பறவைகளுக்கான குளமாக்கியிருக்கிறார்கள். நாங்கள் நின்றபோது சாம்பல்தலை மீன்கழுகு ஒன்று எதிர்ச்சுவரில் உட்கார்ந்திருந்தது. வைக்கோல்நிறத் தலை கொண்ட சின்னானின் பாட்டு புதருக்குள்ளிருந்து வந்தது. கூண்டில் அடைத்து விற்பதற்காகத் தென்கிழக்காசியாவின் பல பகுதிகளில் பிடித்தே ஒழித்த பறவை அது. அது சுதந்திரமாகப் பாடும் கடைசிப் புகலிடங்களில் ஒன்று இந்தச் சின்ன நாடு என்பது எனக்குப் பெரும் பெருமை.

உலகில் வேறிடங்களிலும் இந்த மாற்றம் நடக்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய லெஸ்டர்ஷயர், டார்பிஷயர் பக்கம் 1990களிலிருந்து மரம் நட்டு நட்டு 'தேசியக் காடு' ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். 6 விழுக்காடாக இருந்த மரப்போர்வை இப்போது 20ஐத் தாண்டிவிட்டது. நம் நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரி எடுத்தபின் கொட்டிய மண்மேடுகளில் மரம் வளர்த்திருக்கிறார்கள். அங்கெல்லாம் விதைக்கு ஆளனுப்ப வேண்டும். புக்கிட் தீமாவுக்கு வாய்த்த பேறு, குவாரிக்கு மேலேயே வெட்டப்படாத ஆதிக்காடு மிஞ்சியிருப்பது. 1883இலேயே இதைக் காப்புக்காடாக ஒதுக்கினார்கள். 163 மீட்டர் உயர மலையில் ஒரு சரிவு ஆதிக்காடு, மறு சரிவு கல்லுடைத்த பள்ளம்.

ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே எல்லாம் இறங்கி வந்துவிடுவதில்லை. அத்தியும் மகாங்கும் பறவை வயிற்றிலும் வௌவால் வாயிலும் பயணம் செய்யும். செராயா போன்ற பெருமரங்களின் சிறகுவைத்த விதைகள் தாய்மரத்தின் அருகிலேயே சுழன்று விழுந்துவிடும். அவை பூப்பதும் ஆண்டுதோறும் அல்ல, பல ஆண்டுகளுக்கொரு முறைதான். ஆகவே இளங்காட்டுக்குள் அவை தாமாக வந்து சேர நூறாண்டுகூடப் போதாது. கையால் நட வேண்டியிருக்கிறது. பாதையோரம் முட்டுக்கொம்பு கட்டிய கன்றுகளைப் பார்த்தால் அருள்கூர்ந்து மிதிக்காமல் நடங்கள். உங்கள் கொள்ளுப்பேரன்கள் அண்ணாந்து பார்க்கப்போகும் மரங்கள் அவை. நடந்த பிழைகளைத் திருத்தவும் இப்போது செலவு செய்கிறார்கள். 1980களில் போட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை (பிகேஇ) இந்த மலைக்காட்டைத் தீவின் நடுவேயுள்ள பெருங்காட்டிலிருந்து பிரித்துவிட்டது. 2013இல் அதன் மேலே விலங்குகளுக்கென்றே 62 மீட்டர் நீளப் பாலம் கட்டி, அதன் மேல் காடு வளர்த்தார்கள். எறும்புண்ணிகள் அதில் கடந்து போகின்றன.

ஒன்றை மட்டும் கேட்கத் தோன்றுகிறது. பாதையோரத் தகவல் பலகைகளில் வாலஸ் இருக்கிறார், மாடுகள் இருக்கின்றன, பறவைகள் இருக்கின்றன. கல்லுடைத்தவர்களுக்கும் அவற்றில் விரிவான இடம் வேண்டும். 1825 தொடங்கி இந்தியக் கைதிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. 1840களில் புக்கிட் தீமா சாலைக்குக் காடு வெட்டியது அவர்கள் கைதான். புலிக்கு இரையானதும் அந்தக் காலத்துக் கூலிகள்தாம். பின்னர் குவாரிகளில் சீனர்களும் இந்தியர்களும் வெயிலில் நின்று கல் உடைத்தார்கள். அவர்கள் உடைத்த கல்லின் மேல்தான் நம் வீவக வீடுகள் நிற்கின்றன. ஒரு வண்டின் பெயரை நினைவு வைக்கத் தெரிந்த ஊருக்கு அவர்களையும் நினைவு வைக்கத் தெரியும் என்றே நம்புகிறேன்.

குவாரியிலிருந்து காப்புக்காட்டின் பாதையில் ஏறி, மலையைத் தாண்டி இறங்கினோம். ஏற்றம் கொஞ்சம் கடுமை. அண்ணன் என்னை விட நன்றாக ஏறினார். இறங்கும் வழியில் ஹிண்ட்ஹீட் குவாரி. இதுவும் நீர் நிரம்பிய பள்ளம்தான், ஆனால் குழந்தைகளைக் கூட்டிவர இதுவே வசதி. நடை தூரம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கெல்லாம் ரயில் தடத்தில் இருந்துவிடுவது நல்லது. பத்துக்குப் பிறகு நிழலில்லாத பகுதிகளில் வெயில் சுடும். கையில் சாப்பாட்டுப் பை வேண்டாம், குரங்குகள் விடாது. இந்தத் திசையில் சுற்றினால் சமதரை முதலிலும் ஏற்றம் பிறகும் வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற்றத்தை விட்டுவிட்டு வந்த வழியே திரும்பலாம்.

பியூட்டி வோர்ல்டு சென்டர் மாடியிலுள்ள உணவங்காடியில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் தெற்குப் பக்கத்தைப் பற்றிச் சொன்னார். குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தோரம் ரயில்வே தொழிலாளர்கள் 1932இல் ஒரு முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள். கெப்பல் ரோட்டில் ரயில் நிலையம் திறந்த அதே ஆண்டு. அந்தச் சிறு கோயில்தான் வளர்ந்து, இடம் மாறி, இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கிறது. அவருடைய அப்பா வேலைக்குப் போகுமுன் அங்கே ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் சுத்தியலைத் தூக்குவாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் நடப்பதென்று பேசி முடிவுசெய்தோம்.