வைகை நிற்காத சமுத்திரம்

திண்டுக்கல்லில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்களுக்கு மலைக்கோட்டைப் பாறை பழகிப்போன காட்சி. அதில் பழங்காலக் கடலின் தடயத்தைத் தேடிப் பயனில்லை. இந்தச் சமவெளியின் கல்லெல்லாம் பூமிக்கடியில் வெந்து நசுங்கி வந்தது. ஆனால் குஜிலியம்பாறைப் பக்கம் கரிக்காலியில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்துக் கடலடிச் சேறு. உடைத்தால் கற்கண்டுத் தூளாய் மின்னும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சூட்டில் முழுக்கப் படிகமாகிவிட்டது. கஞ்சியைக் காட்டி எந்த ஊர் அரிசி என்று கேட்டால் என்ன சொல்ல?

வடமதுரை, அய்யலூர், மணப்பாறை முறுக்கு. அப்புறம் ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் சமுத்திரம். நம்மவர்கள் பெரிய ஏரிக்கே அந்தப் பெயர் வைப்பார்கள். வைகை அங்கே நிற்காது. வைகை ஆறும் அப்படித்தான், பெரும்பாலும் கடலைத் தொடாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி.

திருச்சி, காவிரி, கொள்ளிடம், லால்குடி வயல்கள். புள்ளம்பாடி வரும்போது கெட்டிப் பாறை மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து இந்தியா பிய்ந்தபோது கிழக்கு விளிம்பு தாழ்ந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இதுவரை ஏறி வந்தது. அடுத்து கல்லக்குடி. 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்துக் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த ஊர். டால்மியா சிமெண்டு ஆலை இங்கே வந்ததே, பவளமும் பாசியும் கடலுக்குள் கட்டிவைத்த சுண்ணாம்புத் திட்டுக்காகத்தான். போராட்டக் கதையில் இது வருவதேயில்லை.

இனி கிழக்கே போகப் போக அடுக்குகளுக்கு வயது குறையும்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளுக்குப் பெயர். 1860-களில் நிலவியலாளர் ஹென்றி பிளான்போர்டு பிரித்த வரிசை இது, இன்றும் அடிப்படை அதுதான். வண்டிக்கு வடக்கே காரையில் ஜிப்சம் ஓடிய களிமண். சாத்தனூரில் கடலுக்குள் அடித்து வரப்பட்டுப் புதைந்த 18 மீட்டர் கல்மரம். ஆட்டுக்கொம்பாய்ச் சுருண்ட அம்மோனைட்டுக் கடலுயிர் ஓடுகள்.

அரியலூரில் இறங்கிக் கல்லங்குறிச்சிப் பக்கம் போனேன். லாரியிலிருந்து விழுந்த கட்டி ஒன்று சாலையோரம் கிடந்தது. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிப்பி: ஒரு ஓடு கிண்ணமாய் வளைந்து, இன்னொன்று மூடியாய்த் தட்டையாய். நகத்தால் சுரண்டினேன், மஞ்சள் மண் உதிர்ந்து வளர்ச்சி வரிகள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. கிட்டத்தட்ட 7 கோடி ஆண்டுச் சரக்கு.

லாரி போன இடம் சிமெண்டுச் சூளை, உள்ளே 1,450 டிகிரி. கரிக்காலிக் கல்லுக்கு அது இரண்டாவது வேக்காடு. இந்தச் சிப்பிக்கு முதல்.