ரத்தம் படாத ஸ்மியர்

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய இளம் மருத்துவர், தொழுநோய்க்குத் தோலைக் கீறி ஸ்மியர் எடுப்பதெல்லாம் பழைய காலத்து வேலை, தேமலை எண்ணினால் போதும், ஐந்து வரை ஒரு மருந்து அட்டை, அதற்கு மேல் போனால் இன்னொன்று என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விதியும் ஏறக்குறைய அதுதான். அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த லேப் டெக்னீஷியன்கள், ஒரு வேலை குறைந்தது என்று நிம்மதியாகத் தலையாட்டினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேமலை எண்ணினால் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரியும். அந்த உடம்பு கிருமியை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஸ்லைடில்தான் தெரியும். தொழுநோய்க் கிருமி நஞ்சு எதையும் கக்குவதில்லை. 12 முதல் 14 நாளுக்கு ஒரு முறைதான் இரண்டாகப் பிரியும். அவ்வளவு மந்தமான கிருமி ஒருவர் கைவிரல்களை மடக்கிப் போட்டுவிடுகிறது என்றால், அதில் பெரும்பங்கு உடம்பின் எதிர்ப்புக்குத்தான். எதிர்ப்பு பலமாக இருக்கும் டி.டி. வகையில் டி செல்கள் கிருமியை அடையாளம் கண்டு, மேக்ரோஃபேஜ்களைத் திரட்டிக்கொண்டு வந்து கொன்றுவிடும். கிருமியோ நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்லுக்குள் குடியிருக்கிறது. கிருமியின் மேலுறையில் இருக்கும் பி.ஜி.எல்.-1 என்ற கொழுப்புப் பொருள் அங்கேயுள்ள லாமினினைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே சண்டை நரம்புக்குள்ளேயே நடக்கிறது, நரம்பு தடித்துச் செத்துப்போகிறது. இந்த வகை நோயாளியின் ஸ்லைடில் 100 ஃபீல்டு தேடினாலும் குச்சிபோன்ற அந்தக் கிருமி ஒன்றுகூடக் கிடைக்காது. எதிர் முனையான எல்.எல். வகையில் டி செல்கள் இந்தக் கிருமியிடம் மட்டும் பேசாமல் இருந்துவிடும். மேக்ரோஃபேஜ் விழுங்கும், ஆனால் கொல்லாது. உள்ளே கிருமி பெருகிப் பெருகி அந்தச் செல்லே நுரைத்துப்போகும். ஆன்டிபாடி ஏராளமாகச் சுரந்தும் செல்லுக்குள் இருக்கும் கிருமியை அது தொட முடியாது. அந்த ஸ்லைடு 6+, ஃபீல்டுக்கு ஆயிரத்துக்கு மேல், குளோபை குளோபையாக, அதாவது கொத்துக் கொத்தாக. நோயாளிக்கோ வலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. இந்த இரண்டு முனைக்கும் இடையில் பி.டி., பி.பி., பி.எல். என்று மூன்று படிகள் உண்டு. ரிட்லியும் ஜாப்ளிங்கும் வகுத்த வரிசை அது.

எண்ணிப் பார்க்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்.எல்.-இல் தேமலே இல்லாமல் தோல் முழுக்கச் சமமாகத் தடித்துப்போகும் ஒரு வகை உண்டு. முகம் பளபளவென்று இருக்கும், புருவம் வெளிப்பக்கத்திலிருந்து உதிரத் தொடங்கும், பார்க்கிறவர்கள் ஆள் தேறிவிட்டார் என்றுகூடச் சொல்வார்கள். இவரிடம் எதை எண்ணுவீர்கள்? இவர் காது மடலில் ஒரு கீறல் போட்டால் 5+ நிற்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன். மல்லுவேட்டி, அரைக்கைச் சட்டை, அதற்கு மேல் கோட்டு. நான் சேர்ந்தது, டாப்சோன் மட்டும் கொடுத்துவந்த காலம் முடிந்து கூட்டு மருந்து வந்துகொண்டிருந்த சமயம். பல மாதம் அவர் என் கையில் பிளேடைத் தரவில்லை. முதலில் பிடிக்கத்தான் பழக்கினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காது மடலை மடித்து, தோல் வெளுக்கும்வரை அழுத்த வேண்டும். வெளுத்தால் அங்கே ரத்தம் இல்லை என்று அர்த்தம். 15-ஆம் எண் பிளேடால் 5 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் ஆழம் கீறி, பிடியைத் தளர்த்தாமல் பிளேடைக் குறுக்கே திருப்பி, கீறலின் உட்பக்கத்தை இரண்டு மூன்று முறை வழிக்க வேண்டும். பிளேடின் நுனியில் வருவது கொஞ்சம் சதைக்கூழும் நிணநீரும். அதை ஸ்லைடில் ஒரு சிறு வட்டமாகத் தேய்த்தால்தான் ஸ்மியர்.

"விரலைத் தளத்தாதே தம்பி. நீ விட்டா ரத்தம் வரும், ரத்தம் வந்தா எண்ணிக்கை பொய்யாயிடும்" என்பார். காய்ந்த ஸ்லைடைச் சாயத்துக்குப் போடும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். லேசாகச் சிவப்பு தட்டினாலும் தூர எறிந்துவிடுவார். மறுபடி கீற வேண்டுமே! அதற்கு நோயாளியிடம் அவரே போய், "இன்னொரு தடவை பொறுத்துக்கணும்பா, எங்க கை சரியில்லை" என்று சொல்லிவிட்டு வருவார். வேலை என்னுடையது, மன்னிப்பு அவருடையது. அதற்குப் பிறகு கை சரியாக வராமல் இருக்குமா?

பிடிப்பதைவிடப் பல மடங்கு கஷ்டமானது எம்.ஐ. படிப்பது. பி.ஐ. எத்தனை கிருமி என்று சொல்லும், எம்.ஐ.தான் அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று சொல்லும். இந்தக் கிருமியை எந்த ஊடகத்திலும் வளர்க்க முடியாது. 1960-இல் ஷெப்பர்டு எலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டினார். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நோயாளி அதுவரை காத்திருப்பாரா? ஆகவே கண்தான் கதி. தனித்தனியாகக் கிடக்கும் குச்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முழு நீளமும் ஒரே சீராகச் சிவந்திருக்க வேண்டும், இரு பக்கமும் இணையாக, முனை உருண்டு, அகலத்தைப்போல ஐந்து மடங்கு நீளமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சாலிட். நடுவில் விட்டுவிட்டுச் சாயம் ஏறியிருந்தால் ஃப்ராக்மென்டட், பொடியாகிக் கிடந்தால் கிரானுலர், இரண்டும் செத்தவை. கார்பால் ஃபுக்ஸினைச் சூடாக்கும்போது ஆவி பறக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. கொதிக்கவிட்டாலும், அமிலத்தில் அரை நிமிடம் கூடுதலாக வைத்தாலும், உயிருள்ள குச்சியும் உடைந்ததுபோலத் தெரியும். இரண்டு பேர் ஒரே ஸ்லைடைப் படித்து இரண்டு எண் சொல்வது அதனால்தான். எங்கள் பெரியவர் நான் படித்த ஸ்லைடுகளின் எண்ணை மாற்றி ஒட்டி, சில நாள் கழித்து என்னிடமே திரும்பக் கொடுப்பார். என் எண்ணும் என் எண்ணும் ஒத்துவர வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, உடம்பு திடீரென்று கொந்தளிக்கும் ரியாக்‌ஷனைத்தான் காட்டுவேன். 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் ஒரு வேளை உள்ளே போனால் சில நாளில் ஏறக்குறைய எல்லாக் கிருமியும் செத்துவிடும். செத்த கிருமி எங்கே போகும்? எல்.எல். உடம்புக்கு அதைக் கழித்துக்கட்டும் திறமையும் இல்லை. பி.ஐ. ஆண்டுக்கு ஒரு படிகூடச் சில பேருக்கு இறங்காது. உதிர்ந்த சரக்கோடு ஆன்டிபாடி சேர்ந்து திசுவில் படிய, கிருமி உயிரோடு இருந்தபோது சாதுவாக இருந்த உடம்பு இப்போது கொதித்தெழும். காய்ச்சல், தொட்டால் துடிக்கவைக்கும் சிவந்த கட்டிகள், நரம்பு வலி, கண் சிவப்பு. அதுதான் ஈ.என்.எல்.

ஆரணிப் பக்கத்து நெசவாளர் ஒருவர், 12 மாத அட்டையை முடித்து, அதன் பிறகு இப்படிக் கட்டிகளோடு வந்தார். வேறோர் இடத்தில் நோய் திரும்பிவிட்டது என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து கூட்டு மருந்தைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். "மருந்து எனக்குச் சேரலை சார், சாப்பிடச் சாப்பிட ஜாஸ்தியாகுது" என்றார். ஸ்லைடில் 4+ இருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் பயந்துதான் போவார்கள். ஆயில் இம்மர்ஷனில் மணிக்கணக்காகப் பார்த்தேன். ஒரு சாலிட் இல்லை, எல்லாம் பொடி. எம்.ஐ. பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் பிரெட்னிசோலோன் தொடங்கினார், கட்டிகள் அடங்கின. ஆனால் அலைந்த வாரங்களில் முழங்கை நரம்பு வீங்கிக்கிடந்து, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியது மடங்கியதுதான். இழை முடிகிறவருக்கு அந்த இரண்டு விரல் எவ்வளவு என்று நெசவு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து தொடங்க ஸ்மியர் கட்டாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1990-களின் கடைசியில் சொன்னது. பல இடங்களில் ஸ்மியரின் தரம் நம்பும்படி இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன்: ரத்தம் தோய்ந்த ஸ்லைடுகள், கீறாமலே சுரண்டிய ஸ்லைடுகள், எண்ணெய்கூட விடாமல் நெகட்டிவ் என்று எழுதிய பதிவேடுகள். தரம் இல்லையென்றால் தரத்தைக் கொண்டுவர வேண்டாமா? பெரியவர் மாதிரி நாலு பேரை மாவட்டத்துக்கு மாவட்டம் உட்கார வைத்திருந்தால் வந்திருக்கும். 2005 டிசம்பரில் நாடு ஒழிப்பு இலக்கை, அதாவது பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கை, எட்டிவிட்டது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் இடத்துக்கு ஆள் போடுவது அரிதாகிவிட்டது. என் இடமும் காலிதான். இப்போது பி.சி.ஆர். இருக்கிறதே என்கிறார்கள். இருக்கட்டும், நல்ல கருவிதான். செத்த கிருமியின் டி.என்.ஏ.-வும் அதில் பல காலம் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்டத்துக்கு ஒருவர், எம்.ஐ. படிக்கத் தெரிந்தவர் வேண்டும். மருந்து முடித்தவருக்குக் கட்டி கிளம்பினால், நோய் திரும்பிவிட்டது என்று எழுதும் முன் அவர் ஸ்லைடு அந்த ஒருவரிடம் போக வேண்டும். கற்றுக்கொள்ள யாராவது வந்தால் சொல்லித்தர நான் ஊரில்தான் இருக்கிறேன். பிளேடு மட்டும் முதல் நாளே தர மாட்டேன்.