கைக்குள் அடங்கும் உயிர்

நாய் என்றாலே வாயிற்காவல் என்று எண்ணி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் நான் சிறுவனாகக் கண்ட நாய்கள் பழஞ்சோறு உண்டன, மழையில் நனைந்தன, பாம்பைக் கண்டால் குரைத்தன. அவற்றிற்கும் மருத்துவம் உண்டென்று அங்கு எவரும் நினைத்ததில்லை. ஆதலின், பணி ஓய்வுக்குப்பின் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில், இரண்டு கிலோ எடையுள்ள ஒரு நாய்க்காக நான் மாதந்தோறும் மருந்து வாங்குவதைக் கேட்டு, உடன் பணியாற்றிய தமிழாசிரியர்கள் நகைத்ததில் வியப்பில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ஒரு நாயே வளர்க்கலாம். பொதுவாக அது அனுமதி பெற்ற சிற்றினங்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். பொமரேனியன், மால்டீஸ், சிவாவா ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. என் மகள் கொண்டுவந்தது சிவாவா. மெக்சிகோ நாட்டின் மாநிலமொன்றின் பெயரைத் தாங்கிய இனம் அது. என் மனைவி அதற்குக் கடுகு என்று பெயரிட்டாள். அதன் காரத்தை அண்டை வீட்டாரும் அஞ்சல்காரரும் நன்கறிவர்.

இத்தகைய நாய்களிடம் எவற்றை அழகென்று கொஞ்சுகிறோமோ, அவற்றுட் பல நோயின் வாயில்களாகவே இருக்கின்றன. ஆப்பிள்போல் உருண்ட அத்தலையைத் தடவிப் பாருங்கள். கைக்குழந்தையின் உச்சிக்குழிபோல், எலும்பு கூடாத மென்மையான இடமொன்று பல சிவாவாக்களுக்கு வளர்ந்தபின்னும் இருக்கும். அது மட்டுமே நோயாகாது. ஆயினும் மூளையில் நீர் தேங்கும் குறை இவ்வினத்தில் மிகுதி. துருத்திய கண்களோ புழுதிக்கும் பூனை நகத்துக்கும் எளிதில் இலக்காகும்.

ஓடும்போது கடுகு திடீரெனப் பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று அடி தாவும். பிறகு ஒன்றும் நிகழாததுபோல் ஓடும். "கடுகு பாண்டி ஆடுகிறது!" என்று பேரப்பிள்ளைகள் கைகொட்டுவர். முழங்காற்சில்லு தன் பள்ளத்தைவிட்டு நழுவித் திரும்புவதன் அடையாளம் அது. மருத்துவர்கள் இதனை நான்கு படிகளாகப் பிரிப்பர். கடுகுக்கு இரண்டாம் படி. குதிக்க விடாதீர், எடை ஏற விடாதீர் என்றார் மருத்துவர். கட்டிலருகே பழைய புத்தக அலமாரிப் பலகையால் ஒரு படி செய்து வைத்தேன். எடைதான் பெரும்பாடு. இரண்டு கிலோ உடலில் இருநூறு கிராம் கூடுவது, அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ பெருப்பதற்கு ஒப்பாகும். விருந்தினர் அன்போடு ஊட்டும் நெய் முறுக்கு இக்கணக்கை அறியுமா?

அடுத்து வந்தது இருமல். வாத்து கத்துவது போன்ற ஓர் ஒலி. மூச்சுக்குழலைத் திறந்து வைக்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து, குழல் தட்டையாவதால் வருவது. சிவாவா மட்டுமன்றி யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன் ஆகியவற்றையும் இது வாட்டும். கழுத்துப்பட்டையைப் பிடித்திழுத்தால் இருமல் மூளும். ஆகவே மார்பைச் சுற்றிய பட்டைக்கு மாறினோம். வெப்பமும் பரபரப்பும் புகையும் ஆகா. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்துவதற்கு என் மனைவி எளிதில் ஒப்பவில்லை. பல வாரங்கள் கழித்து, விளக்கொளியே போதும் என்று அவளே முடிவு செய்தாள்.

குட்டிப் பருவத்தில் இவை சில மணி நேரம் உண்ணாவிடினும் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து தள்ளாடும். ஈறில் சிறிது தேன் தடவி உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் சேரும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சென்பதையும் அறிந்திருத்தல் நன்று.

சிற்றுருவம் முற்றிலும் மனிதன் படைத்ததன்று. ஐ.ஜி.எஃப்.1 என்னும் மரபணு நாயின் உருவ அளவில் பெரும்பங்கு வகிப்பதை 2007-இல் அறிஞர் கண்டனர். சிற்றுருவுக்குரிய அதன் வகை, ஏறத்தாழ 54,000 ஆண்டுகளுக்கு முந்திய ஓநாயிலேயே இருந்ததாக 2022-இல் தெரியவந்தது. சிறு நாய்கள் பெரியவற்றைவிடப் பொதுவாக நெடுநாள் வாழவும் செய்கின்றன. என் சினம் சிறுமையின்மீதன்று. அதனை மேலும் சிறிதாக்கித் 'தேநீர்க் கோப்பை நாய்' என்று விற்போர்மீது. அப்படி ஓர் இனமே இல்லை.

ஓநாய்க்கும் பற்கள் 42. சிவாவாவுக்கும் பற்கள் 42. கட்டைவிரல் நீளத் தாடையில் அவை நெருக்கியடித்து நின்றால் அழுக்கு தங்காமல் என்செய்யும்? ஒன்பதாம் வயதில் கடுகின் ஈறுகளில் சீழ் கண்டது. அதே நாளில் மருத்துவர் அதன் மார்பில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். இதயத்தின் ஈரிதழ் வால்வு தளர்ந்து குருதி பின்னோக்கிக் கசிவதன் இரைச்சல் கேட்டதாம். பல்லைப் பிடுங்க மயக்க மருந்து வேண்டும், இதயமோ பழுது.

"உறங்க வைத்தால் விழிக்குமா?" என்று கேட்டாள் என் மனைவி.

உறுதி கூற அவர் மறுத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. பல்லை அப்படியே விட்டால் வலி தீராது, மெலிந்த தாடையெலும்பு முறியவும் கூடும் என்று மட்டும் விளக்கினார். மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. இருக்கும் நாள்வரை தொல்லை கொடுக்காமல் விடுவோம் என்றாள் மகள். வலியோடு உண்பது மட்டும் தொல்லையில்லையா என்றாள் தாய். இதயத்தை ஒலியலைக் கருவியால் சோதித்து, அது பெரிதாகியிருப்பதை அறிந்து, மருந்தைத் தொடங்கியபின் நாள் குறித்தோம். இதயம் பெருத்த நாய்களுக்கு, அது தளர்ந்து செயலிழக்குமுன்னரே பிமோபென்டன் கொடுத்தால், அத்தளர்ச்சி ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போகும் என்பது 2016-இல் வெளியான ஆய்வின் முடிவு.

ஏழு பற்கள் போயின. கடுகு விழித்தது, மறுநாளே குழைத்த சோற்றைக் கிண்ணம் உருள நக்கியது.

காலையும் மாலையும் மாத்திரை தொடர்கிறது. உறங்கும்போது மூச்சை எண்ணி வருமாறும், நிமிடத்திற்கு முப்பதைத் தாண்டினால் உடனே அழைக்குமாறும் மருத்துவர் பணித்துள்ளார். இரவுதோறும் என் மனைவி கடிகாரத்தோடு அருகில் அமர்ந்து எண்ணுகிறாள். நான் குறிப்பேட்டில் எழுதுகிறேன். நேற்று 22.