தாத்தா காத்த ரயில்வே கேட்

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் கண்ணுக்கு முன்னால் காது வேலை செய்யத் தொடங்கிவிடும். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்திலிருந்து நானும் அப்பாவும் நடக்கத் தொடங்கியபோதும் அப்படித்தான். சைக்கிள் மணி கேட்டது. மைனாக்களின் சண்டை கேட்டது. மரங்களுக்கு அப்பாலிருந்து சாலை இரைச்சல் கேட்டது. எழுபது எண்பது ஆண்டுகள் ரயில் ஓடிய அந்தப் பாதையில், ரயில் சத்தம் மட்டும்தான் இல்லை.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை, தீவின் தெற்கையும் வடக்கையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் பசுமை ரயில் பாதையைப் பற்றித்தான் சொல்கிறேன். வாரக் கடைசியில் ஓடுபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் பெற்றோர் என்று உங்களில் பலருக்கும் பழக்கமான இடமாக இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு வேறு பெயர். ‘தாத்தா லைன்.’

அப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா, மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இருபது வயதில் சிங்கப்பூருக்கு வந்து, முதலில் தண்டவாளம் பழுது பார்க்கும் ‘கேங்’ ஒன்றில் சேர்ந்தார். பிறகு கேட் காக்கும் வேலை கிடைத்தது. ரயில் வரும்போது சாலையை மூடுவது, போன பிறகு திறப்பது. கோம்பாக் டிரைவ் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில்தான் அவர் அதிக காலம் இருந்தார். 1984ல் ஓய்வு பெற்றார்.

தாத்தாவைப் போல் நம்மவர்கள் நிறையப் பேர் அந்த ரயில்வேயில் உழைத்திருக்கிறார்கள். காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலே, 1932ல் ரயில்வேத் தொழிலாளர்கள் போட்ட ஒரு சின்னக் குடிசையாகத் தொடங்கியதுதான். அதே 1932ல்தான் தஞ்சோங் பகார் நிலையமும் திறக்கப்பட்டது. அதற்கு முன் தேங்க் ரோட்டில் முடிந்த பாதையைத் திருப்பி, புக்கிட் தீமா வழியாகத் துறைமுகப் பக்கம் கொண்டு போனார்கள். இன்று நாம் நடப்பது பெரும்பாலும் அந்தப் புதிய தடத்தில்தான்.

சிங்கப்பூர் தனி நாடான பிறகும் தண்டவாளமும் அதை ஒட்டிய நிலமும் மலேசிய ரயில்வேயின் கையில்தான் இருந்தன. 1990ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதிலேயே இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. 2010ல் ஒருவழியாக முடிவு வந்தது. 2011 ஜூலை 1 முதல் மலேசிய ரயில் உட்லண்ட்ஸோடு நின்றுவிடும், தஞ்சோங் பகார் நிலையம் மூடப்படும் என்றார்கள்.

எனக்கு அப்போது 21 வயது. ஊடகத் துறைப் படிப்பில் இருந்தேன். ஒலிப்பதிவுப் பாடத்துக்கு ஒரு ‘புராஜெக்ட்’ செய்ய வேண்டியிருந்தது. கடைசி ரயிலைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?

தாத்தாவுக்கு 82. முட்டிவலி. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சன்னல் ஓரமாக அவருடைய நாற்காலி. காற்று தோதாக வீசினால் அங்கிருந்தே ரயில் ஹாரன் கேட்கும். கேட்டதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். ஓய்வு பெற்று இருபத்தேழு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஜூன் 30ஆம் தேதி காலையில் என்னைக் கூப்பிட்டார். “ஆயி, இன்னைக்கு ராத்திரி என்னைய கேட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா? கடைசி வண்டிய ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன்.”

“கூட்டமா இருக்கும் தாத்தா, உங்களால நிக்க முடியாது. நான் தஞ்சோங் பகார்ல போய் எல்லாத்தையும் பதிவு பண்ணிட்டு வரேன். வீட்லயே உட்கார்ந்து கேக்கலாம்” என்றேன். அவருடைய நல்லதுக்காகச் சொன்னது போலத்தான் இருந்தது. உண்மையில், நண்பர்கள் ஏழு மணிக்கு நிலையத்தில் காத்திருந்தார்கள். தாத்தாவைக் கூட்டிக்கொண்டு கோம்பாக் போனால் என் பதிவு என்ன ஆவது?

“சரி ஆயி” என்றார்.

அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. அழுதவர்களும் இருந்தார்கள், படம் எடுத்துத் தீராதவர்களும் இருந்தார்கள். இன்று மலேசிய மாமன்னராக இருக்கும் அன்றைய ஜொகூர் சுல்தான் இப்ராஹிம், தாமே எஞ்சினை ஓட்டிக்கொண்டு கடைசி ரயிலை வெளியே கொண்டு போனார். இரவு பதினொரு மணி வாக்கில் அந்த ஹாரன் ஒலித்தபோது என் கையில் பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. நான் வீடு திரும்ப இரவு ஒன்றரை ஆனது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை, ஹெட்போனைத் தாத்தாவின் காதில் மாட்டிப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

“நல்லா தெளிவா இருக்கு ஆயி. ஆனா இது ஸ்டேஷன்லேருந்து பொறப்படுற ஹாரன். கேட்டுக்கிட்ட வரும்போது வேற மாதிரி அடிப்பான்.”

எப்படி அடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமைக்குள் பதிவை வெட்டி ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்ற அவசரம். அந்தப் பதிவுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதை வைத்துத்தான் வானொலியில் பயிற்சிக்கே இடம் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தாத்தா காலமானார். என்னிடம் கடைசி ரயிலின் ஹாரன் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மனிதரின் குரல் ஒரு நிமிடம்கூட இல்லை.

இப்போது என் வேலையே கேள்வி கேட்பதுதான். முன்பின் தெரியாதவர்களைக்கூடப் பத்து நிமிடத்தில் மனம்விட்டுப் பேச வைத்துவிடுவேன் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அப்போதெல்லாம் தாத்தாவின் நினைவு வரும். அதனாலேயே பல ஆண்டுகள் அந்தப் பாதைப் பக்கம் போகாமல் இருந்தேன். தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்தார்கள், புல் வளர்ந்தது, நடைபாதை போட்டார்கள், புக்கிட் தீமா நிலையத்தைச் சீரமைத்து 2022ல் திறந்தார்கள். எல்லாவற்றையும் செய்தியாக வாசித்தேன். நேரில் போகவில்லை.

சென்ற மாதம் அப்பாதான் கூப்பிட்டார். அவருக்கு இப்போது 68. மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். “தாத்தா லைன்ல ஒரு நடை போயிட்டு வரலாமா?”

புக்கிட் தீமா நிலையம் சிறியது. செங்கல் கட்டடம், நடைமேடை, கொஞ்ச தூரத்துக்கு விட்டுவைத்த தண்டவாளம். ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றையொன்று கடப்பது இங்கேதான். முன்னே போக அனுமதி என்பதற்கு அடையாளமாக ஒரு டோக்கனை வளையத்தில் மாட்டி, நிலையத்தில் நிற்பவரும் ரயிலில் இருப்பவரும் கை மாற்றிக்கொள்வார்கள். கடைசி நாள் வரை அந்த முறை இங்கே இருந்தது. டோக்கன் கையில் இல்லாமல் ரயில் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. அப்பா இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு இவ்வளவு தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நிலையத்தைத் தாண்டியதும் புக்கிட் தீமா சாலைக்கு மேலே பழைய இரும்புப் பாலம். அதைக் கடந்தால் இருபுறமும் காடு. வெயில் கீழே விழவில்லை. அப்பா வேகமாக நடப்பவர் அல்ல. நானும் கைப்பேசியை எடுக்கவில்லை. முகத்துக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது எங்கள் இருவருக்கும் சுலபமாக இருந்தது. பள்ளி விட்டதும் தாத்தாவுக்குத் தூக்குச் சட்டியில் சோறு கொண்டு போனது, ரயில் வரும் நேரமென்றால் தாத்தா சோற்றைத் தொடவே மாட்டார் என்பது, மழை நாளில் கேட் குடிலின் தகரக் கூரை போடும் சத்தம் எல்லாம் வந்தன.

ரயில் மால் பக்கத்து இரண்டாவது இரும்புப் பாலத்தையும் தாண்டி, ஹில்வியூ கடந்து, கோம்பாக் டிரைவுக்கு வந்தோம். அப்பா நின்றார்.

“இங்கதான்.”

கேட் இல்லை. தாத்தாவின் குடிலும் இல்லை. முன்பு ரயிலுக்காகக் கார்கள் நின்ற இடத்தில், கார்களுக்காக நாங்கள் நின்றோம்.

பதினான்கு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். “அப்பா, கேட்டுக்கிட்ட ஹாரன் வேற மாதிரி இருக்கும்னு தாத்தா சொன்னாரே. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? கடைசி ராத்திரிகூட இங்கதான நின்னு கேட்டோம்.”

எனக்குப் புரியவில்லை. “யாரு?”

“நானும் தாத்தாவும். நீ கெளம்பிப் போன பிறகு மனுஷன் சாப்பிடவே இல்ல. கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பத்து மணிக்கு டாக்சி புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். இங்கயும் நல்ல கூட்டம். ஒரு மலாய்க்காரப் பையன் தன் மோட்டார் சைக்கிள்ல தாத்தாவ உட்கார வச்சான். பதினொன்றரை ஆச்சு. மணியப் பாத்துட்டு ‘லேட்டா வர்றான்’னு திட்டுறாரு.”

அப்பா சிரித்தார். பிறகு சொன்னார்: “தூரத்துல வரும்போதே நீளமா ஒண்ணு அடிப்பான். அது ரோட்டுல இருக்கறவங்களுக்கு. கேட் கண்ணுல பட்டதும் சின்னதா ஒண்ணு. அது கேட்காரருக்கு. ‘இருக்கீங்களா’ன்னு கேக்கற மாதிரின்னு தாத்தா சொல்வாரு. அன்னைக்கு வழி முழுக்க அடிச்சுக்கிட்டேதான் வந்தாங்க, எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியல. ஆனா வண்டி கிட்ட வந்ததும் தாத்தா எழுந்து நின்னு கைய இப்படி நீட்டினாரு. கொடி புடிக்கிற மாதிரி. போனதும் இறக்கிட்டாரு. ‘போலாம்டா’ன்னாரு. அவ்வளவுதான்.”

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?”

“சொல்ல வேணாம்னாரு. ‘பிள்ளை எனக்காகப் பதிவு பண்ணிட்டு வருது. நாம நேர்லயே பாத்துட்டோம்னு சொன்னா அது முகம் வாடிப்போகும்’னாரு. அப்புறம் அவரும் போயிட்டாரு. நீயும் கேக்கல.”

அங்கே உட்கார இடமில்லை. நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதேன். அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாத்தா ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டார் என்ற நிம்மதி ஒரு பக்கம். அன்று காலை, முந்தின இரவு நேரில் கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டே, எனக்காக என் பதிவையும் கண் மூடிக் கேட்டிருக்கிறார் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். பேச அவர் தயாராகத்தான் இருந்திருக்கிறார். ‘வேற மாதிரி அடிப்பான்’ என்று ஒரு வழியும் திறந்துவிட்டார். நான்தான் உள்ளே போகவில்லை.

இந்தப் பாதையைக் காப்பாற்றி வைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடுள்ள ஊரில் 24 கிலோமீட்டர் பச்சையை விட்டுவைப்பது சாதாரணமில்லை. பாலங்களும் நிலையங்களும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கேட் காத்தவர், தண்டவாளத்துக்கு ஜல்லி போட்டவர், ராத்திரி விளக்கோடு நடந்தவர் சொல்ல வேண்டியதை எந்தக் கட்டடமும் சொல்லாது. அது அவரவர் வீட்டில், சன்னலோர நாற்காலியில் இருக்கிறது. நாம்தான் கேட்க வேண்டும். அவர்களும் நாம் கேட்பதற்காகவே காத்திருக்கக்கூடும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தேன். “அப்பா, அந்த ஹாரன அப்படியே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க.”

“இங்கயா? ஆளுங்க பாப்பாங்க” என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, நீளமாக ஒன்று, சின்னதாக ஒன்று ஊதினார். சைக்கிளில் போன ஒரு சீனச் சிறுவன் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனான்.

பின்னணியில் கார் இரைச்சல் உண்டு, காற்றுச் சத்தமும் உண்டு. வானொலியில் ஒலிபரப்பத் தகுதியான பதிவு இல்லை. இரவு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். “இது என்ன, உங்கப்பா சங்கு ஊதுறாரா?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்க கல்யாணம் முடிஞ்சு நான் கோலாலம்பூர்லேருந்து அந்த ரயில்லதான் வந்தேன். அந்தக் கேட்ல உங்க தாத்தா கொடியோட நின்னாரு தெரியுமா?” என்றார்.

தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறோம்.