பழைய வண்ணம்

என் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடர் ஊர்தி, நாகர்கோவிலில் எம் வீட்டு முற்றத்தில் நெடுங்காலம் நின்றது. 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன வகை அது.

அதன் பழைய வண்ணத்தைப் பெயரனும் யானும் களையத் தொடங்கினோம். “மக்களே, பழைய வண்ணத்தில் ஈயம் இருத்தல் கூடும், அத்தூள் மூச்சிற் கலத்தல் தீது” என்று கூறி, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கச் செய்தேன்.

கதவருகே வண்ணத்தின் கீழ்ப் பட்டியும், பட்டியின் கீழ்த் துருவும் தோன்றின. “யார் செய்த வேலை, தாத்தா?” என்றான். இளமையில் ஊர்தியைச் சுவரில் மோதி, தந்தையார் அறியாதவாறு யான் பூசி மறைத்த இடம் அது. உண்மையை அவனிடம் உரைத்தேன். அவரிடம் உரைக்க இனி இயலுமோ?

துருவை முற்றும் நீக்கி, ஈரம் உலர்த்தி, கடற்காற்றின் உப்பு பற்றுமுன் முதற்பூச்சுப் பூசினோம். மறைத்த குற்றம் உள்ளிருந்தே அரிக்கும். களைந்தபின் பூசுவதே நிலைக்கும்.