சிற்றப்பாவின் ஸ்டாண்டர்டு டென்

நம் கல்லூரிச் சஞ்சிகைக்குப் பழைய மாணவர் என்ற முறையில் ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு கேட்கப்பெற்றபோது, எதனைப் பற்றி எழுதுவதென்று யாம் சில நாள் தயங்கினோம். விடுதி வாழ்வைப் பற்றியும், ஆசிரியர் பெருமக்களைப் பற்றியும் எம்மினும் வல்லார் பலர் எழுதிவிட்டனர். எம் நெஞ்சில் முந்தி வந்து நின்றதோ ஒரு மோட்டார் வண்டி. கலைமகள் கோயிலில் இரும்பு வண்டிக்கு என்ன வேலை என்று சில நேயர் புருவம் நெரிக்கக் கூடும். அவர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும். வண்டியோடு ஒட்டியதொரு கடனும் உண்டு. அதனையும் இங்கேயே சொல்லித் தீர்த்துவிட எண்ணுகின்றோம்.

எம் சிற்றப்பா விழுப்புரத்தில் நெல் மண்டி வைத்திருந்தார். 1961-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவரிடமிருந்து இரண்டாங்கையாக அவர் வாங்கிய வண்டியின் பெயர் ஸ்டாண்டர்டு டென். அது 1954-இல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியார் வெளியிட்ட இனத்தைச் சேர்ந்தது. பின்னர்ச் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் அருகிலுள்ள ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையிலும் உருவாயிற்று. நான்கு கதவுகள், நான்கு சிலிண்டர்கள், 948 கன சென்டிமீட்டர் அளவுள்ள இயந்திரம், ஏறக்குறைய 33 குதிரைத் திறன். இன்றைய மாணவர் ஊர்ந்து செல்லும் இருசக்கர வண்டிகளுள் சிலவற்றிற்கு இதனினும் மிக்க வலிமையுண்டு. பார்வைக்கும் அது பேரழகு வாய்ந்ததன்று. உப்பிய கன்னமுடைய குழந்தை போன்றிருக்கும். மண்டிக்கு வருவோர், "முதலாளி அம்பாசிடர் வாங்கியிருக்கலாமே" என்பர். சிற்றப்பா மறுமொழி கூறாது, மேசை அறையிலிருந்து ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டுவார்.

அத்துண்டிலிருந்த செய்தி இது: 1955-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பார் நடத்திய ராலியில் முதலிடம் பெற்றவர் ஜிம்மி ரே, பிரையன் ஹாராக்ஸ் என்னும் இருவர், அவர் ஏறிச் சென்றது ஸ்டாண்டர்டு டென். அதற்கு முந்தின ஆண்டு அதே ராலியில் வென்றது ஜானி வால்வொர்க் ஓட்டிய டிரையம்ப் டி.ஆர்.2. அதுவும் ஸ்டாண்டர்டு கம்பெனியின் வார்ப்பே. அதன் 1991 கன சென்டிமீட்டர் இயந்திரம், அக்கம்பெனியின் வான்கார்டு என்னும் பெரிய வண்டியின் இயந்திரத்திலிருந்து பிறந்தது. இரண்டமர்ந்து செல்லும் பந்தய வண்டி வெல்லுதல் வியப்பன்று. மளிகை வாங்கவும் பெண்டு பிள்ளைகளைக் கோயிலுக்குக் கொண்டு செல்லவும் செய்த வண்டி வென்றதன்றோ வியப்பு என்பது சிற்றப்பாவின் கட்சி. அப்பெயரை உச்சரிக்கும்போது அவர் குரல் சற்றே தாழும்.

ராலி என்பது இன்னதென்று அறியாத இளைஞர்க்கு இரண்டொரு சொல் கூறுதல் தகும். பலரும் எண்ணுவதுபோல அது வெறும் ஓட்டப் பந்தயமன்று. பொதுச் சாலையில் நடப்பது. இன்ன இடத்திற்கு இன்ன சராசரி வேகத்தில் சேர வேண்டுமென்று முன்னரே விதிப்பர். வழியில் ஆங்காங்குக் காவலிட்டு நேரம் குறிப்பர். பிந்தினாலும் குற்றம், முந்தினாலும் குற்றம். ஆகவே வண்டியோட்டுவோன் ஒருவன், கணக்கிட்டு வழி கூறுவோன் ஒருவன் என இருவர் தேவை. அவ்விரண்டாமவன் சொல்லை முதல்வன் ஐயமின்றி நம்புதல் வேண்டும். நிற்க.

சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களைக் காண ஒருமுறை சிற்றப்பா எம்மை அழைத்துச் சென்றார். வெயிலில் நின்று, பியட்டுகளும் ஹெரால்டுகளும் சீறிச் செல்வதைக் கண்டு திரும்பிய இரவே அவருக்கு அவ்வாசை பற்றிக்கொண்டது. சோழவரத்திற்குப் போகப் பொருளுமில்லை, துணிவுமில்லை. ஆனால் ராலி ஓட்டச் சாலையிருந்தாற் போதுமே! விழுப்புரத்தில் கார் வைத்திருந்த நண்பர் மூவரைச் சேர்த்துக்கொண்டு தாமே ஒரு சிறு ஓட்டத்திற்கு ஏற்பாடு செய்தார். விழுப்புரத்தினின்று திண்டிவனம், அங்கிருந்து மீண்டும் விழுப்புரம். ஒரு வழிக்கு 24 மைல். சராசரி வேகம் மணிக்கு 30 மைல். அதாவது மைலுக்கு இரண்டு நிமிடம். அவருக்கு வழி கூறுவோராக அமர்ந்தது யாம். அப்போது நான்காம் படிவத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம். கணக்கில் வகுப்பில் முதல்வர். அந்தச் செருக்கு இன்னும் முற்றும் நீங்கவில்லை என்றே அஞ்சுகின்றோம்.

ஒத்திகைகள் இரவு பத்து மணிக்கு மேல் நடந்தன. அக்காலத்துச் சாலையை இன்றுள்ளார் கற்பனை செய்தல் அரிது. இருபுறமும் புளியமரங்கள் கைகோத்து நிற்கும். நடுவே இரு வண்டிகள் ஒதுங்கிச் செல்லும் அளவே தார். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என ஊர்கள் ஒவ்வொன்றாய் விளக்கொளியில் தோன்றி மறையும். அப்பால் மயிலம் குன்றின் நிழல். மரங்களுக்கு அடித்திருந்த வெள்ளைப் பட்டை எம்மை நோக்கி ஓடிவரும். எம் மடியில் ஒரு அட்டவணை. கையில் பாட்டனாரின் சங்கிலிக் கடிகாரம். கழுத்தைத் தாங்கிப் பிடித்த டார்ச் விளக்கு. டென் வண்டியின் மைல் எண்ணும் கருவி பழுதுபட்டிருந்தமையால் சாலையோரக் கற்களே எமக்குத் துணை. சிற்றப்பா கேட்பார், "என்னடா தம்பி?" யாம், "அரை நிமிஷம் முன்னாலே சித்தப்பா" என்போம். அவர் காலைச் சற்றே தளர்த்துவார். அத்துணை பெரிய மனிதர் எம் ஒரு சொல்லுக்குக் காலைத் தளர்த்துவதில் இருந்த இன்பம், பின்னாளில் எம் அலுவலகத்தில் எத்தனையோ பேர் எம் சொற்படி நடந்தபோதும் வாய்த்ததில்லை.

1963-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஓட்டம் நடந்தது. போகும்போது யாதொரு குறையுமில்லை. திண்டிவனத்தில் நேரம் குறிக்க நின்ற நண்பர், "ஒரு வினாடி பிசகில்லை" என்று சொல்லித் தேநீர் தந்தார். திரும்புகையில் விக்கிரவாண்டி தாண்டும்போது கடிகாரம் 33 நிமிடம் காட்டியது. டார்ச் ஒளியில் ஒரு புதிய கல் தெரிந்தது; அதில் விழுப்புரம் 13 என்றிருந்தது. பதின்மூன்று மைலுக்கு 26 நிமிடம் வேண்டும். எஞ்சியிருந்ததோ 15 நிமிடம். எமக்கு உள்ளங்கை வேர்த்தது. "பதினொரு நிமிஷம் பிந்திவிட்டோம், சித்தப்பா!" என்று கத்தினோம்.

நாட்டில் மெட்ரிக் அளவைகள் புகுந்துகொண்டிருந்த காலம் அது. மைற்கற்களைப் பெயர்த்துக் கிலோமீட்டர்க் கற்களை நட்டு வந்தனர். சாலையின் ஒரு பகுதியில் பழைய கல்லும், மறுபகுதியில் புதிய கல்லுமாக இருக்கும். யாம் கண்ட பதின்மூன்று, கிலோமீட்டர். அஃது எட்டு மைலே. உண்மையில் ஒரே நிமிடந்தான் பிந்தியிருந்தோம்.

சிற்றப்பா ஒன்றும் பேசவில்லை. இயந்திரத்தின் ஓசை மாறியது. ஐம்பது மைல், ஐம்பத்தைந்து மைல் என்று முள் ஏறியது. முண்டியம்பாக்கத்திற்கு முன்னால் ஒரு கரும்பு வண்டி. வழக்கமாக அடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு அணைந்திருந்தது, வண்டிக்காரர் உறங்கிவிட்டார், மாடுகள் தாமே நடந்துகொண்டிருந்தன. அவற்றைக் காக்க வேண்டி எம் சிற்றப்பா திருப்பிய திருப்பில் டென் சாலையை விட்டிறங்கிப் புளியமரத்தில் மோதி நின்றது. எமக்கு நெற்றியில் ஏழு தையல். அவருக்கு வலக்கால் முட்டி நொறுங்கிற்று. உறக்கம் கலைந்த அவ்வண்டிக்காரரே கரும்பைப் பாதி இறக்கிப்போட்டு எங்களை மேலேற்றி ஊர் சேர்த்தார். மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் ராலி முடிந்தது.

இனிச் சொல்லவேண்டியதே கடினமானது. மருத்துவமனையில் எம் தந்தையார் சிற்றப்பாவின் கட்டிலருகே நின்று, "உன் பைத்தியத்துக்கு என் பிள்ளைதானா கிடைத்தான்?" என்று கேட்டார். சிற்றப்பா, "பிரேக் பிடிக்கவில்லை அண்ணா" என்று மட்டும் கூறினார். பிரேக்கில் யாதொரு குற்றமுமில்லை என்பது எமக்குத் தெரியும். தலையில் கட்டோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த யாம் வாய் திறக்கவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தோம், மறுநாளும் சொல்லவில்லை. அண்ணன் தம்பி இருவரும் அதன்பின் கலியாணத்திலும் காரியத்திலும் சந்தித்தால் நலம் விசாரிப்பதோடு நின்றுகொண்டனர். எம் தந்தையார் 1974-இல் காலமானார். அதுவரையில் ஒரு நாளேனும் தம்பி வீட்டுத் திண்ணையில் அவர் உட்காரவில்லை.

டென்னைச் சிற்றப்பா திண்டிவனத்து மெக்கானிக் ஒருவரிடம் மலிவாகத் தள்ளிவிட்டார். யாம் கல்லூரியிற் சேர்ந்து, விழுப்புரத்திலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் பெருங்களத்தூரைக் கடந்து போய்வந்த நாட்களில், அங்கே டென் ஒழிந்து ஹெரால்டு உருவாகிக்கொண்டிருந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி வடித்த அதன் அழகை எல்லோரும் புகழ்ந்தனர். யாம் சன்னலின் மறுபுறம் பார்த்துக்கொண்டு போவோம்.

கோலூன்றி நடந்த சிற்றப்பாவுக்கோ ஆசை அறவில்லை. 1968-இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு நடந்த நெடும் ராலியை நாள்தோறும் செய்தித்தாளில் தொடர்ந்தார். புறப்பட்ட 98 வண்டிகளுள் 72 பம்பாய் வந்து சுசான் என்னும் கப்பலேறின. அப்போது முன்னணியில் நின்றது ரோஜர் கிளார்க்கின் லோட்டஸ் கார்ட்டினா. பின்னர் ஆஸ்திரேலியாவில் அது பழுதுற்றது. முடிவில் வென்றது ஆண்ட்ரு கோவன் ஓட்டிய ஹில்மன் ஹன்டர் என்னும் எளிய ஆங்கிலக் குடும்ப வண்டி. ஆனால் சிற்றப்பா பல நாள் பேசியது வென்றவரைப் பற்றியன்று. இறுதிக்கு அண்மையில் லூசியன் பியாங்கியின் சித்ரோயன் எதிரே வந்த வண்டியோடு மோதியது. அப்போது பின்னால் வந்த பாடி ஹாப்கர்க், தம் வெற்றி வாய்ப்பைப் பாராது இறங்கி உதவினார். "நின்றான் பார்!" என்பார் சிற்றப்பா. ஒவ்வொரு முறையும் எமக்கு நெற்றித் தழும்பு அரித்தது.

1977-இல் மீண்டும் அத்தகைய ராலி நடந்தபோது, வண்டிகள் சென்னையில் கப்பலேறிப் பினாங்கு செல்ல வேண்டியிருந்தன. யாமும் சிற்றப்பாவும் துறைமுகச் சாலையோரம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். பாலைவனப் புழுதி படிந்த வண்டிகள் வந்தன. அதே கோவன் வந்தார். ஆனால் இம்முறை ஜெர்மானிய மெர்சிடிஸில். அதே ஹாப்கர்க், பிரெஞ்சு சித்ரோயனில். ஆங்கில சலூன்களின் காலம் முடிந்துவருவது கண்முன் தெரிந்தது. சிற்றப்பாவின் முகம் வாடியதைக் கண்டோ, வேறு எதனாலோ, பதினான்கு ஆண்டு அடக்கிவைத்தது அப்போது வெளிவந்துவிட்டது. "சித்தப்பா, அன்றைக்கு அந்தக் கல்லிலே இருந்தது கிலோமீட்டர். நான் மைலென்று படித்துவிட்டேன்."

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "நான் விழுப்புரத்திலே பிறந்தவனடா. விக்கிரவாண்டி எட்டு மைல் என்று எனக்குத் தெரியாதா?" என்றார்.

"அப்படியானால் ஏன் வேகமாகப் போனீர்கள்?"

"பிந்திவிட்டோம் என்று நீ சொன்னாயே. அந்தச் சொல் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டு வருஷமாக முப்பது, முப்பது என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன்."

அது மெய்யோ, எம்மைத் தேற்றச் சொன்னதோ, யாம் இன்றளவும் அறியோம். மெய்யாயின் எம் குற்றம் பாதி. பொய்யாயின் அவர் எமக்காக இருமுறை பொய் சொல்லியிருக்கிறார். தந்தையார் உயிரோடிருந்தபோது கேட்டிருந்தால் இரண்டிலொன்று தெளிவாகியிருக்கும்.

1985-இல் பெருங்களத்தூரார் ஸ்டாண்டர்டு 2000 என்னும் புதிய வண்டியை வெளியிட்டனர். அதன் உடல் பிரிட்டனில் பந்தயங்களிலும் ராலிகளிலும் பேர்பெற்ற ரோவர் எஸ்.டி.1, அங்கே அதற்கு எட்டு சிலிண்டர், 3528 கன சென்டிமீட்டர் இயந்திரம். இங்கே உள்ளே வைத்ததோ, அந்தப் பழைய வான்கார்டு மரபில் வந்த 1991 கன சென்டிமீட்டர் நான்கு சிலிண்டர். சிங்கத்தின் தோலுள் உழவு மாடு என்று பலர் நகைத்தனர். சிற்றப்பா நகைக்கவில்லை. "1954-இல் ஜெயித்த எஞ்சின் மாதிரிடா" என்றார். அது நியாயமோ என்னமோ, வாங்குவோர் இல்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. ஆலை இருந்த நிலத்தில் இன்று கணினி நிறுவனங்களின் கட்டடங்கள் நிற்கின்றன. சிற்றப்பாவும் இன்றில்லை.

திண்டிவனம் போகும் சாலை நான்கு தடமாயிற்று, புளியமரங்கள் போயின. எந்த மரத்தில் மோதினோம் என்று இனி யாரும் காட்ட முடியாது. சென்ற பொங்கலுக்குப் பேரனோடு ஊர் சென்றபோது, விக்கிரவாண்டியைத் தாண்டியதும் அவன் கைப்பேசி, விழுப்புரம் 13 கிலோமீட்டர் என்று பெண் குரலில் கூறிற்று. யாம் சட்டைப் பையைத் தடவிச் சங்கிலிக் கடிகாரத்தைத் தேடினோம். பிறகு மனத்துள் அதனை மைலாக்கிப் பார்த்தோம். எட்டு.